கழித்துப்போட்ட சிலிக்கானும் கெட்டுப்போன டி.வி.யும்

'கிளிட்ச்' என்ற வார்த்தையை நாம் எப்போது சொல்கிறோம்? ஹால் டிக்கெட் டவுன்லோட் பண்ணும்போது சர்வர் மக்கர் பண்ணினால் சொல்கிறோம். வீடியோவில் ஹீரோவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து பக்கத்து மரத்தோடு ஒட்டிக்கொண்டால் சொல்கிறோம். இப்போது அதையே வேண்டுமென்றே செய்து, 'எஃபெக்ட்' என்று பெயர் வைத்து, கல்லூரி கல்ச்சுரல்ஸ் வீடியோ வரைக்கும் போட்டாயிற்று.

ஆனால் இந்த வார்த்தைக்கு வீடியோவோடு எவ்வளவு பழைய உறவு இருக்கிறதோ, அதே அளவு பழைய உறவு கரண்டோடும் உண்டு. 1962ல் அமெரிக்காவின் முதல் ஏழு விண்வெளி வீரர்கள் சேர்ந்து 'இன்டூ ஆர்பிட்' என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். அதில் ஜான் க்ளென் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தருகிறார்: ஓடிக்கொண்டிருக்கும் சர்க்யூட்டில் திடீரென்று புதிய சுமை ஏறும்போது வோல்டேஜ் துள்ளுவதுதான் கிளிட்ச். அதற்கும் முன்னால், 1950களிலேயே அமெரிக்க டி.வி. எஞ்சினியர்கள் இந்தச் சொல்லை வைத்திருந்தார்கள். திரையில் குறுக்காக ஒரு பட்டை மெதுவாக மேலும் கீழும் ஊர்ந்து போகும் பாருங்கள், அதைத்தான் அப்படிச் சொன்னார்கள். அதற்கும் காரணம் கரண்ட் லைனிலிருந்து படத்துக்குள் புகுந்த கலப்படம்தான்.

இந்தத் துள்ளலை ஒரு கூட்டம் அடக்கப் பார்த்தது. சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் என்கிற சின்னப் பெட்டி அவர்கள் கைவேலை. இன்னொரு கூட்டம் அந்தத் துள்ளலைக் கூப்பிட்டு டி.வி. திரையில் ஆடவிட்டது. இரண்டு கூட்டத்துக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் இரண்டு கதையிலும் ஒரே திருப்பம் வருகிறது. எல்லோரும் குப்பை என்று தள்ளியதை ஒருவர் கையில் எடுக்கிறார். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் சோலார் பக்கம் போவோம்.

1954 ஏப்ரல் 25. நியூஜெர்சியில் பெல் லேப்ஸ் நிறுவனம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றிக் காட்டியது. ராட்டினத்துக்குப் பேட்டரி கிடையாது, பிளக் கிடையாது. வெளிச்சம் பட்டால் சுற்றியது. சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் செய்த சிலிக்கான் செல் அது. விழும் வெளிச்சத்தில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. சேப்பினுக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை என்னவோ ரொம்ப சாதாரணம். ஈரமும் வெப்பமும் அதிகமான ஊர்களில் டெலிபோன் கருவிகளுக்குப் போட்ட உலர் பேட்டரிகள் சீக்கிரம் செத்துப்போயின. அதற்கு மாற்று தேடப் போனவர்தான் அவர்.

அடுத்த வருடமே, 1955ல், ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற ஊரில் ஒரு டெலிபோன் கம்பத்தின் உச்சியில் 432 செல்கள் கொண்ட பேனலை மாட்டி சோதித்தார்கள். பகலில் பேட்டரி சார்ஜ் ஆகும், ராத்திரி அதே பேட்டரியில் லைன் ஓடும். இன்று நம் ஊர் சோலார் தெருவிளக்கு செய்வது இதையேதான். சோதனை வெற்றி. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பேனலைக் கழற்றிவிட்டார்கள். அப்போது ஒரு வாட் சோலார் செல்லின் விலை 286 டாலர். ஒரு அமெரிக்க வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை இப்படி எடுத்தால் 14 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று 1956ல் சேப்பினே கணக்கிட்டார். கண்டுபிடித்தவரே இப்படிச் சொன்னபிறகு யார் வாங்குவார்கள்?

விலை கேட்காமல் வாங்குகிற ஒரே வாடிக்கையாளர் வானத்தில் இருந்தார். 1958 மார்ச்சில் பறந்த வேன்கார்ட் 1 என்ற சின்ன செயற்கைக்கோளில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள். ஒன்று பேட்டரியில், இன்னொன்று சோலாரில். பேட்டரி அதே வருடம் ஜூனில் தீர்ந்துவிட்டது. சோலார் டிரான்ஸ்மிட்டர் 1964 வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தது. (வேன்கார்ட் இன்னும் மேலேதான் சுற்றுகிறது, பேச்சுதான் நின்றுவிட்டது.)

1962ல் போன டெல்ஸ்டார் நம் கதைக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் அதில் சோலாரும் வீடியோவும் ஒன்றாகப் பயணம் செய்தன. 3600 சோலார் செல்கள், நிக்கல்-காட்மியம் பேட்டரி, அதை வைத்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி நேரடி டி.வி. படம். ஆனால் அது கிளம்புவதற்கு முந்தைய நாள், ஜூலை 9 அன்று, அமெரிக்க ராணுவம் பசிபிக் கடலுக்கு மேலே விண்வெளியில் ஒரு அணுகுண்டை வெடித்திருந்தது. அதிலிருந்து பரவிய கதிர்வீச்சில் டெல்ஸ்டாரின் டிரான்சிஸ்டர்கள் கெட்டன. நவம்பரில் கட்டளைகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. பெல் லேப்ஸ் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒழுங்கான கட்டளை எடுபடவில்லை என்றதும், வழக்கத்துக்கு மாறான வடிவில் துடிப்புகளை அனுப்பி, கெட்ட பாகத்தை ஏமாற்றி உள்ளே நுழைந்தார்கள். 1963 ஜனவரியில் டெல்ஸ்டார் மறுபடி வேலை செய்தது. பிப்ரவரியில் நிரந்தரமாக மௌனமானது. வேண்டுமென்றே கோணலாக்கிய சிக்னலை எஞ்சினியர்களே பயன்படுத்திய நேரம் அது!

டெல்ஸ்டார் செத்த அடுத்த மாதம், 1963 மார்ச்சில், மேற்கு ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு கண்காட்சி. நாம் ஜூன் பாய்க் என்ற கொரிய இளைஞர், இசை படித்தவர், பத்துக்கும் மேற்பட்ட பழைய டி.வி. பெட்டிகளை வாங்கி, உள்ளே சர்க்யூட்டை மாற்றி அடுக்கியிருந்தார். அன்று ஓடிக்கொண்டிருந்த சாதாரண நிகழ்ச்சியே நெளிந்தும் கோடாகியும் தலைகீழாகவும் தெரிந்தது. இன்றைக்கு நாம் கிளிட்ச் என்று சொல்லும் வீடியோ விளையாட்டுக்கு இதுதான் பாட்டன் முப்பாட்டன்.

அந்தக் கண்காட்சியில் எனக்குப் பிடித்தது, பாய்க் எதுவும் செய்யாமல் விட்ட பெட்டிகள். கொண்டுவரும்போது இரண்டு டி.வி. அடிபட்டுவிட்டன. ஒன்றில் படம் முழுக்க ஒடுங்கி குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. பழைய டியூப் டி.வி. வைத்திருந்த வீடுகளில் இதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மெக்கானிக் வந்து "வெர்ட்டிகல் போயிருச்சு" என்பார். பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றையை இடம் வலமாக ஒரு சர்க்யூட்டும் மேல் கீழாக இன்னொரு சர்க்யூட்டும் இழுக்கும். மேல் கீழ் இழுப்பது செத்தால் மிஞ்சுவது அந்த ஒற்றைக் கோடுதான். நம் வீட்டில் முந்நூறு ரூபாய் செலவு. பாய்க் அந்தப் பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார். குறுக்குக் கோடு நெடுக்குக் கோடானது. 'ஜென் ஃபார் டி.வி.' என்று பெயர் வைத்தார். இன்னொரு பெட்டியைத் திரை தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்து 'ரெம்ப்ராண்ட் ஆட்டோமேட்டிக்' என்றார். குசும்புதான்!

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'நார்மல் லாஸ்', 'அப்நார்மல் லாஸ்' என்று படிக்கிறோம். உற்பத்தியில் வழக்கமாகக் கழியும் சரக்குக்கு ஸ்க்ராப் விலை மட்டும் போட்டு ஓரம் கட்டுவோம். ஸ்க்ராப் விலையை யார் தீர்மானிப்பது என்று புத்தகத்தில் இருக்காது. கணக்கில் அது ஏற்கெனவே கொடுக்கப்பட்ட எண். பாய்க் வாங்கியது கிட்டத்தட்ட ஸ்க்ராப் விலைக்கு. சோலார் தொழிலைத் தரைக்குக் கொண்டுவந்தவர் வாங்கியதும் அதே ஸ்க்ராப்தான்.

அவர் பெயர் எலியட் பெர்மன், கெமிஸ்ட். பணம் போட்டது யார் என்றால் சிரிப்பு வரும், எக்ஸான் எண்ணெய் நிறுவனம். 1970களின் தொடக்கத்தில் சோலார் செல் வாட்டுக்கு 100 டாலர் அளவில் இருந்தது. எல்லாமே விண்வெளித் தரம். பெர்மனின் குழு ஒவ்வொரு செலவையும் பிடித்து 'இது எதற்கு?' என்று கேட்டது. சிலிக்கான் வட்டத் தகடுகளைச் சதுரமாக வெட்டி ஓரத்தை வீணாக்க வேண்டாம், வட்டமாகவே இருக்கட்டும். மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட வேண்டாம், அறுத்த சொரசொரப்பு வெளிச்சத்தைக் குறைவாகவே திருப்பி அனுப்பும், அது நல்லதுதான். எல்லாவற்றுக்கும் மேலே, கம்ப்யூட்டர் சிப் செய்கிறவர்கள் தரம் போதவில்லை என்று கழித்த தகடுகளையே வாங்கினார்கள். சிப்புக்கு ஆகாத அழுக்கு, வெயிலில் கிடக்கும் செல்லுக்கு ஒரு பொருட்டில்லை. 1973ல் 'சோலார் பவர் கார்ப்பரேஷன்' என்று கம்பெனி தொடங்கியபோது விலை வாட்டுக்கு 20 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது.

20 டாலரும் வீட்டுக்குக் கட்டாது. ஆனால் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குக் கட்டும். மெக்சிகோ வளைகுடாவில் அந்த மேடைகளில் கப்பல் மோதாமல் இருக்க விளக்கும் சங்கும் இரவெல்லாம் ஓட வேண்டும். அதற்கு ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போடும் பெரிய பெரிய பேட்டரிகளை கிரேன் வைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தீர்ந்ததும் அப்படியே கடலுக்குள் தள்ளிவிடுவார்கள். 1978ல் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு அதற்குத் தடை போட்டது. சின்ன பேனலும் மறுபடி சார்ஜ் ஆகும் பேட்டரியும் கடலில் நிலையாக உட்கார்ந்தன. பெட்ரோல் வியாபாரம்தான் சோலாரை வளர்த்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இங்கேதான் சார்ஜ் கன்ட்ரோலர் தலையெழுத்தாக வருகிறது. எண்ணெய் மேடைக்கு தினமும் எலக்ட்ரீஷியன் போக மாட்டார். பேட்டரி தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் 1859ல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே செய்த காலத்திலிருந்து லெட்-ஆசிட் பேட்டரியின் சுபாவம் மாறவில்லை. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள். 25 டிகிரி வெப்பத்தில் மொத்தம் சுமார் 14.4 வோல்ட்டைத் தாண்டி ஏற்றிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து குமிழியாகப் போய்விடும். ஈயக் கம்பிவலை அரிக்கும். நேர்மாறாக, பாதி சார்ஜில் நாள் கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், பிறகு கரையாது. கூடினாலும் சாவு, குறைந்தாலும் சாவு.

பேனலோ இதற்கு நேர் எதிர் குணம். 36 செல்லைத் தொடராகக் கோத்த '12 வோல்ட்' பேனல் நல்ல வெயிலில் 17, 18 வோல்ட் கொடுக்கும். பிறகு எதற்கு 12 என்று பெயர்? மேகமாக இருந்தாலும், சூட்டில் வோல்டேஜ் இறங்கினாலும், பேட்டரிக்கு வேண்டிய 14 சொச்சம் மிஞ்ச வேண்டும் என்பதற்காகக் கூடுதலாக வைத்தது. ஆரம்பத்தில் மிஞ்சியதை ஜீனர் டையோடு வழியாகச் சூடாக்கி வீணடித்தார்கள். பிறகு ரிலே வைத்து வெட்டினார்கள்.

1980களில் ஒரு புத்திசாலித்தனம் செய்து பார்த்தார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். 36 செல் இருந்தால்தானே வோல்டேஜ் மிஞ்சும்? 30 அல்லது 33 செல் மட்டும் வைத்தால் பேட்டரி நிறைந்ததும் கரண்ட் தானாகவே ஒடுங்கிவிடும், கன்ட்ரோலர் செலவே வேண்டாம். 'செல்ஃப் ரெகுலேட்டிங் பேனல்' என்று விற்றார்கள். குளிர்ந்த ஊரில் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு செல்லும் ஒரு டிகிரி சூட்டுக்கு சுமார் 2 மில்லிவோல்ட் இழக்கும். வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது 30 செல் பேனல் 2 வோல்ட்டுக்கு மேல் இழந்து, 12 சொச்சத்தில் வந்து நிற்கும். பேட்டரி பட்டினி. வெயில் அதிகமுள்ள ஊரில்தான் சோலார் தேவை, அங்கேதான் இது வேலை செய்யாது! மிச்சம் பிடித்த காசு பேட்டரிக்கடைக்குப் போயிற்று.

ஆகவே பெட்டி நிலைத்தது. இன்று இரண்டு சாதி உண்டு. பி.டபிள்யூ.எம். வகை பேனலை பேட்டரியோடு படபடவென்று இணைத்து, துண்டித்து, சராசரியைச் சரியாக வைக்கும். எம்.பி.பி.டி. வகை பேனலை அதற்குப் பிடித்த 17, 18 வோல்ட்டிலேயே ஓடவிட்டு, மிஞ்சிய வோல்டேஜைக் கரண்டாக மாற்றிக் கொடுக்கும். இந்த யுக்தி செயற்கைக்கோள்களில் 1960களிலேயே தெரியும். தரையில் கடைச்சரக்காக முதலில் விற்றவர்களில் ஆஸ்திரேலியாவின் ஏ.ஈ.ஆர்.எல். என்ற சின்ன கம்பெனி ஒன்று, 1985ல்.

வீட்டில் மாட்டுகிறவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து வரும் நடைமுறை கொஞ்சம். முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், அப்புறம்தான் பேனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது தலைகீழ் வரிசை. காரணம், பல கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்துத்தான் இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று புரிந்துகொள்கின்றன. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் அந்த 20 வோல்ட் துள்ளல் நேராக எலக்ட்ரானிக்ஸ் தலையில் விழும். (ஜான் க்ளென் சொன்ன கிளிட்ச்!) 14.4 என்பது 25 டிகிரிக்கான எண். நம் ஊர் சித்திரை மாதத்து 40 டிகிரியில் அதிலிருந்து மூன்று நான்கு பத்தில் ஒரு வோல்ட் குறைக்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மாளாது. லித்தியம் பேட்டரி போட்டிருந்தால் கன்ட்ரோலரில் பேட்டரி வகையை மாற்றியே ஆக வேண்டும். லெட்-ஆசிட்டுக்கு மருந்தாகக் கொடுக்கும் 'ஈக்வலைஸ்' ஓவர்சார்ஜ் அதற்கு விஷம்.

மறுபடி டி.வி.க்கு. பாய்க் 1965ல் டி.வி. மேல் ஒரு பெரிய லாடக் காந்தத்தை வைத்தார், படம் பூ மாதிரி விரிந்தது. பிறகு ஜப்பானிய எஞ்சினியர் ஷூயா அபேவோடு சேர்ந்து, இந்தக் கலாட்டாவை எல்லாம் குமிழ் திருகிக் கட்டுப்படுத்தும் வீடியோ சிந்தசைசர் ஒன்றைக் கட்டினார். 1970ல் பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். டி.வி. நிலையம் அதை நான்கு மணி நேரம் நேரடியாக ஒளிபரப்பியது. சிகாகோவில் டான் சாண்டின் தன் 'இமேஜ் ப்ராசஸர்' வரைபடத்தை யார் கேட்டாலும் கொடுத்தார், காப்பி அடித்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று. ஓப்பன் சோர்ஸ் என்ற பெயர் வருவதற்கு இருபது வருடத்துக்கு மேல் முன்னால்!

டிஜிட்டல் வந்ததும் துள்ளல் வோல்டேஜிலிருந்து கணக்குக்கு மாறியது. வீடியோ ஃபைலில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமாக இருக்காது, இடம் போதாது. எப்போதாவது ஒரு முழு ஃப்ரேம், அதற்கு ஐ-ஃப்ரேம் என்று பெயர். நடுவில் வருபவை 'இந்தக் கட்டம் இத்தனை புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது' என்கிற குறிப்புகள் மட்டும், பி-ஃப்ரேம். காட்சி மாறும் இடத்து ஐ-ஃப்ரேமை நீக்கிவிட்டால், புதிய காட்சியின் அசைவுக் குறிப்புகள் பழைய காட்சியின் படத்தைப் பிடித்து இழுக்கும். ஒரு முகம் இன்னொரு முகத்தின் தோலை உரித்துக்கொண்டு அசையும். இதுதான் டேட்டாமோஷிங். தகேஷி முராட்டா 2005ல் 'மான்ஸ்டர் மூவி' என்று இப்படிச் செய்தார். 2009ல் கான்யே வெஸ்ட் பாட்டு வீடியோவில் வந்தபிறகு ஊரெல்லாம் பரவியது. செய்ய ஆசைப்பட்டவர்கள் எக்ஸ்விட் முறையில் சுருக்கிய ஏ.வி.ஐ. ஃபைலை எடுத்து, அவிடெமக்ஸ் என்ற இலவச எடிட்டரின் பழைய பதிப்பில் ஐ-ஃப்ரேமை வெட்டினார்கள். இங்கேயும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஃபைலின் தலைப்பகுதியில் கை வைத்தால் பிளேயர் திறக்கவே திறக்காது. கெடுப்பதற்கும் கெடாத இடம் ஒன்று வேண்டியிருக்கிறது.

இரண்டு கூட்டமும் பிரியும் இடமும் இதை ஒட்டித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெர்மன் வாங்கிய கழிவுத் தகடு, பாய்க் வாங்கிய ஓட்டை டி.வி. இரண்டும் ஒன்று மாதிரி தெரிந்தாலும், ஃபைலைக் கெடுத்தால் ஒரிஜினல் பத்திரமாக இன்னொரு ஃபோல்டரில் இருக்கும். பேட்டரிக்கு 'அன்டூ' கிடையாது. சல்பேட் படிந்த தகட்டுக்கு பேக்கப் யாரும் எடுத்து வைக்க முடியாது. கலையாக ஆக்கக்கூடிய தப்பு, காப்பி எடுக்க முடிந்த தப்பு மட்டும்தானோ?

இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பாய்க்கின் இன்னொரு படைப்பு பற்றிப் படித்தேன். தென்கொரியாவில் க்வாச்சொன் நகரத்து தேசிய நவீன கலை அருங்காட்சியகத்தில், 1988ல் 1003 டி.வி. பெட்டிகளை அடுக்கி ஒரு கோபுரம் கட்டினார். 'தி மோர் தி பெட்டர்' என்று பெயர். 2006ல் அவர் இறந்துவிட்டார். பெட்டிகளும் கிழடாயின. 2018ல் ஆபத்து என்று கோபுரத்தை அணைத்துவிட்டார்கள். டியூப் டி.வி. உலகத்திலேயே செய்யாத காலத்தில் உதிரிபாகம் தேடித் தேடி 737 பெட்டிகளைப் பழுது பார்த்தார்கள். மீதி 266 இடங்களில் வேறு வழியில்லாமல் எல்.சி.டி. வைத்தார்கள். 2022 செப்டம்பரில் மறுபடி விளக்கேறியது. ஆனால் பிக்சர் டியூப்கள் தாங்காது என்று, வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும்படி நேரம் குறித்தார்கள்.